டெல்ஃபு என்று ஒரு ஆள் கிடையாது

சம்பந்தி வீட்டு முன்னோர்களை இத்தாலியின் பழைய பதிவேடுகளில் தேடுகிறேன் என்று நினைத்து, ஐந்து வாரமாக வேறு யாருடைய குடும்பத்தையோ தோண்டிக்கொண்டிருந்தேன் என்பது ஜனவரி மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குத் தெரியவந்தது. அதற்குள் நோட்டில் பதினாறு பக்கம் நிரம்பியிருந்தது. பதினாறையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் முதல் பதிவிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை ஒன்பது வாரத்தில் 1759 வாக்கில் பிறந்த ஒருவர் வரைக்கும், அவருடைய அப்பா பெயர் வரைக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. வழியில் எங்கெங்கே இடறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர். முப்பத்திரண்டு வருடம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கிரயம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று எழுதியவன். போன அக்டோபரில் நியூஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு வந்தேன். மருமகள் வீட்டார் இத்தாலியிலிருந்து வந்தவர்களின் வம்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தியம்மா ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய அப்பாவழிக் கொள்ளுத்தாத்தா ஜுசெப்பே மொலிசே பகுதியில் ஒரு மலையூரிலிருந்து வந்தவராம். அவருக்கு 1893-ல் கல்யாணம் ஆனது என்று ஒரு காகிதம் இருந்தது. அதற்கு மேலே யார் என்று யாருக்கும் தெரியாது. "நீங்கள்தான் பழைய பத்திரம் படிக்கிறவராச்சே" என்றார். "அப்பா, அது தமிழ்ப் பத்திரம். இது இத்தாலி" என்று மகன் சிரித்தான். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

இத்தாலி மொழி எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. ஊர் பெயரையும் குடும்பப் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை, அது அவர்கள் வீட்டுச் சமாச்சாரம்.

முதலில் சாமான்கள். மகனுடைய லேப்டாப், அவன் ஓரங்கட்டி வைத்திருந்த 24 அங்குலத் திரை ஒன்று. சின்னத் திரையில் இந்த வேலையைத் தொடவே கூடாது, இரண்டாம் நாளே கண் எரிய ஆரம்பித்துவிட்டது. கட்டம் போட்ட நீள நோட்டு ஒன்று 6 டாலர். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த இத்தாலி-ஆங்கில அகராதி 4 டாலர். பென்சில் வீட்டிலேயே இருந்தது. பதிவேடுகளுக்குச் சல்லிக் காசு செலவில்லை. இத்தாலி அரசின் ஆவணக் காப்பகங்கள் சேர்ந்து நடத்தும் 'அன்டெனாத்தி' தளத்தில் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்டெனாத்தி என்றால் முன்னோர்கள். மொலிசேவில் இவர்கள் ஊருக்கு கம்போபாஸ்ஸோ காப்பகத்தின் பகுதியைத் திறக்க வேண்டும்.

இந்தப் பதிவேடுகள் எப்போதிலிருந்து இருக்கின்றன என்பது ஊருக்கு ஊர் மாறும். அப்போது தெற்கு இத்தாலியில் தனி நாடாக இருந்த நேப்பிள்ஸ் ராஜ்யத்தில், நெப்போலியனின் மைத்துனர் முரா ராஜாவாக இருந்தபோது, 1809-ல் ஆரம்பித்தார்கள். அவர் போன பிறகும் அங்கே நிறுத்தவில்லை. சிசிலியில் 1820. இத்தாலி ராஜ்யம் முழுவதற்கும் ஒரே சட்டம், ஒரே படிவம் என்று வந்தது 1866-ல். மொலிசே நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதற்கும் முந்தியது வேண்டுமென்றால் கோயில் (சர்ச்) பதிவேடுதான், அதுவும் லத்தீனில்.

1893 பதிவைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். படிக்க நான்கு மணி நேரம். அச்சடித்த படிவத்தின் காலியிடங்களில் குமாஸ்தா பேனாவால் நிரப்பியிருந்தார். நான் செய்த முதல் முட்டாள்தனம், கையெழுத்தை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்க உட்கார்ந்ததுதான். பத்திரம் எழுதியவன் இதைச் செய்திருக்கக் கூடாது. கிரயப் பத்திரத்தை யாராவது எழுத்துக் கூட்டியா படிக்கிறார்கள்? 'எழுதிக் கொடுப்பவர்' எங்கே வரும், எல்லைமால் (நான்கெல்லை விவரம்) எங்கே வரும் என்று தெரிந்தவன் கண்ணை நேரே அந்த இடத்துக்குத்தான் கொண்டுபோவான். இங்கேயும் அதே கதைதான். வருடம், நாள், மணி, நகராட்சி வீடு (நகராட்சி ஆபீஸ்), 'அரசு உடையணிந்த' அதிகாரியான என் முன்பாக நேரில் வந்தவர்கள், ஒன்று மாப்பிள்ளை, இரண்டு பெண் என்று வரிசை மாறவே மாறாது. சட்டத்தின் 130, 131, 132 பிரிவுகளை வாசித்துக் காட்டியது கூட ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் வரும். அச்சு வாக்கியத்தை ஒருமுறை அகராதியை வைத்து உடைத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், பிறகு படிக்க மிஞ்சுவது இருபது இருபத்தைந்து சொல்தான். எனக்கு இது உறைத்தது மூன்றாவது வாரம்.

அதற்குள் விபத்து நடந்து முடிந்திருந்தது.

மாப்பிள்ளை ஜுசெப்பே, வயது இருபத்தைந்து, விவசாயி. அடுத்து 'மகன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குமாஸ்தா கையால் 'டெல்ஃபு டொமெனிக்கோ' என்று சேர்த்து எழுதியிருந்தார், அல்லது அப்படி எனக்குத் தெரிந்தது. சின்ன முத்து, பெரிய கருப்பன் மாதிரி ஏதோ அடைமொழி என்று நினைத்துக்கொண்டு, நோட்டில் 'அப்பா: டெல்ஃபு டொமெனிக்கோ' என்று அழகாக எழுதினேன். அம்மா பெயர் மரியா ஜுசெப்பா. அவளுடைய குடும்பப் பெயர் காகிதத்தின் மடிப்பில் விழுந்து பாதி அழிந்திருந்தது. அப்பன் வழியைத்தானே பார்க்கிறோம் என்று அதை விட்டுவிட்டேன். இதுதான் பெரிய தப்பு. இத்தாலியில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே சாகும்வரை பதிவாவார்கள். நம் ஊர்ப் பத்திரத்தில் '...மனைவி' என்று முடிந்துபோகிற விவரம் அங்கே முழுசாக இருக்கிறது. அதை நான் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

அப்புறம் 1860களின் கல்யாணங்களைத் தேடினேன். பதிவேட்டின் கடைசியில் பெயர்ப் பட்டியல் இருக்கும். அந்த ஊர்க் குமாஸ்தா குடும்பப் பெயரின் அகர வரிசையில் போடாமல், சொந்தப் பெயரின் வரிசையில் போட்டிருக்கிறார். அது புரிய ஒரு நாள் போயிற்று. புரிந்த பிறகு டெல்ஃபு யாரும் கிடைக்கவில்லை, வெறும் டொமெனிக்கோ ஒருவர் கிடைத்தார். அதே குடும்பப் பெயர், அதே ஊர், 1861, பெண் பெயர் மரியா. போதாதா? அந்த ஊரில் பெண் குழந்தைகளில் பாதிக்கு மரியா என்றுதான் பெயர் ஆரம்பிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று ஐந்து வாரம் ஏறிப் போனேன்.

பிசகு தெரிந்தது இப்படி. சும்மா ஒரு முழுமைக்காக அந்த டொமெனிக்கோவின் இறப்புப் பதிவைத் தேடினேன். 1901-ல் கிடைத்தது. அதே பக்கத்தில் சாட்சிகளின் அப்பா பெயர்களும் இருந்தன. டெல்ஃபு நிக்கோலா, டெல்ஃபு அன்டோனியோ, டெல்ஃபு பாஸ்குவாலே. ஊரில் எல்லோருக்குமா அப்பன் பெயர் டெல்ஃபு? அகராதியைப் புரட்டினேன். அது ஒரே சொல் இல்லை, டெல், ஃபு என்று இரண்டு. 'ஃபு' என்றால் 'இருந்தார்'. பெயருக்கு முன்னால் வந்தால் காலஞ்சென்றவர். அப்பா உயிரோடிருந்தால் வெறும் 'டி' என்று எழுதுவார்கள். நான் ஆயிரக்கணக்கான பத்திரங்களில் 'காலஞ்சென்ற இன்னார் குமாரர்' என்று எழுதியிருக்கிறேன். அதே சொல்லை ஒரு ஆளாக்கி நோட்டில் ஐந்து வாரம் வைத்திருந்தேன்.

சரி, இனி கணக்கு சுலபம். ஜுசெப்பேயின் அப்பா 1893-லேயே காலஞ்சென்றவர். நான் பிடித்து வைத்திருந்தவர் 1901 வரை உயிரோடு இருந்தவர். மணி பத்தரை. சிவப்புப் பேனா எங்கே என்று தேடினேன்.

இரண்டாவது சுற்றில் நோட்டைக் கட்டம் போட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. பெயர், வயது, தொழில், அப்பா பெயர், அவர் இருக்கிறாரா போய்விட்டாரா, அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அவள் இருக்கிறாளா, பதிவு எண், பட எண். இருக்கிறாரா என்ற கட்டத்துக்கு மட்டும் கலர் பென்சில், இருந்தால் பச்சை, போய்விட்டால் சிவப்பு. இந்த ஒரு கட்டம் சும்மா விடாது. 1851-ல் சிவப்பான ஆள் 1860-ல் பச்சையாக வந்தால், இரண்டு பேரை ஒருவராக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு இப்படி மூன்று முறை மாட்டியது.

கூடவே எழுத்துப் பட்டியல் ஒன்று. ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் தனித்தனியாக. ஊர் பெயர், மாதம், தொழில் என்று நிச்சயமாகத் தெரிந்த சொற்களைப் பெரிதாக்கி, அதிலுள்ள எழுத்துகளைப் பார்த்து வரைந்து வைத்துக்கொள்வேன். விவசாயிக்கு 'கொன்டடினோ', நூல் நூற்கிறவளுக்கு 'ஃபிலாட்ரிச்சே', கூலிக்காரனுக்கு 'பிராச்சாலே' என்று இந்த மூன்று சொல்லிலேயே பாதி எழுத்து வந்துவிடும். மடிப்பில் அழிந்த குடும்பப் பெயரை இந்தப் பட்டியலை வைத்துத்தான் மீட்டேன். படத்தைக் கறுப்பு வெள்ளை தலைகீழாக மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, எட்டு எழுத்தில் ஐந்து தெரிந்தது. மீதி மூன்றை ஜுசெப்பேயின் பிறப்புப் பதிவு தந்தது.

ஒரு எழுத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் 'எஸ்' இரட்டித்து வந்தால் முதல் எஸ்ஸை நீளமாக, மேலும் கீழும் இழுத்து, 'எஃப்' மாதிரி போடுவார்கள். அறுபதுக்கு 'செஸ்ஸான்டா', எழுபதுக்கு 'செட்டான்டா'. நடுவில் இருக்கிற இரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஒரு இறப்புப் பதிவில் இந்தச் சொல் வந்தபோது முக்கால் மணி நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தண்டு. முதல் தண்டு கோட்டுக்குக் கீழே இறங்கினால் அறுபது. இரண்டும் கோட்டிலேயே நின்று மேலே ஒரே குறுக்குக் கோடு ஓடினால் எழுபது. கோட்டுக்குக் கீழே ஏதோ வால் தெரிந்தது. ஆனால் அது கீழ்வரியில் இருந்த ஒரு 'டி'யின் கொம்பு, மேலே ஏறி முட்டிக்கொண்டு நின்றது. ஆக எழுபது. பத்து வருடம் அந்தக் கொம்பில் தொங்கியது.

சுருக்கெழுத்துகள் பத்திரக்காரனுக்குப் புதிதல்ல. நாம் ௸ என்று போடும் இடத்தில் அவர்கள் 'சுட்' என்று எழுதி ஒரு குட்டி ஓவை மேலே ஏற்றிவிடுவார்கள், அர்த்தம் அதே மேற்படிதான். ஆனால் மாதத்தில் ஒருமுறை விழுந்தேன். '7' போட்டுப் பக்கத்தில் 'ப்ரே' என்றிருந்ததை ஏழாம் மாதம், ஜூலை என்று குறித்தேன். அது செத்தெம்ப்ரே, செப்டம்பர். செத்தே என்றால் ஏழு. '8'ப்ரே அக்டோபர், '9'ப்ரே நவம்பர், 'எக்ஸ்' ப்ரே டிசம்பர்.

இப்போது கையில் அம்மாவின் முழுப் பெயர் இருந்தது. இருந்தும் சரியான டொமெனிக்கோவின் கல்யாணம் அந்த ஊரில் 1860 முதல் 1868 வரை எந்த வருடத்திலும் இல்லை. இங்கே ஒரு வாரம் முழி பிதுங்கியது. கடைசியில் கை கொடுத்தது நான் ஒதுக்கிவைத்திருந்த 'நோட்டிஃபிகாட்சியோனி' கட்டு. கல்யாணத்துக்கு முன்னால் நகராட்சி வீட்டு வாசற்கதவில் ஒட்டும் அறிவிப்பு அது. மாப்பிள்ளை ஊர், பெண் ஊர் இரண்டிலும் ஒட்ட வேண்டும். கல்யாணப் பதிவு பெரும்பாலும் பெண் ஊரில்தான் நடக்கும். 1864 அறிவிப்புகளில் டொமெனிக்கோ இருந்தார். பெண் பக்கத்து ஊர்க்காரி. அந்த ஊர்ப் பதிவேட்டைத் திறந்தால் இருபது நிமிடத்தில் பதிவு கிடைத்தது.

1865 வரையிலான படிவம் வேறு மாதிரி, எனக்கு மிகவும் பிடித்துப்போன படிவம். பக்கம் இரண்டு பத்தி. இடது பக்கம் கல்யாணம் அல்ல, வாக்குறுதி. 'டிரெண்ட் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கம் வகுத்த முறைப்படி கோயிலில் மணம் செய்துகொள்வோம்' என்று இருவரும் நான்கு சாட்சிகள் முன்னால் அதிகாரியிடம் சொல்கிறார்கள். அவர் இரண்டு நகல் கொடுத்துப் பங்குச் சாமியாரிடம் அனுப்புகிறார். கோயிலில் கல்யாணம் முடிந்ததும் சாமியார் ஒரு நகலின் அடியில் தேதி எழுதித் திருப்பி அனுப்ப, அதைப் பார்த்து வலது பத்தி நிரப்பப்படுகிறது. ஆகவே கல்யாணத் தேதி என்று எடுக்க வேண்டியது வலது பக்கத்துத் தேதியை. நான் முதலில் எடுத்ததெல்லாம் இடது பக்கத்தது. எல்லாவற்றையும் திருத்தினேன்.

வலது பத்தியின் கடைசியில், சாமியார் அனுப்பிய நகல் ஆவணத் தொகுதியில் எந்தத் தாளில் இருக்கிறது என்று எண் போட்டிருப்பார்கள். அந்தத் தொகுதிக்குப் பெயர் 'ப்ரொச்செஸ்ஸெத்தி'. நம் பாஷையில் தாய்ப்பத்திரக் கட்டு. மாப்பிள்ளை, பெண் இருவரின் பிறப்புச் சான்று, இறந்த பெற்றோரின் இறப்புச் சான்று எல்லாம் அதில் ஒன்றாகத் தைத்திருக்கும். அப்பா இல்லையென்றால் தாத்தாவின் சம்மதம் வேண்டும். தாத்தாவும் இல்லையென்றால் அவர் இறந்ததற்கும் சான்று. இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் ஒரே கட்டில் மூன்று தலைமுறை கிடைத்தது. டொமெனிக்கோ பிறந்தது 1839. அப்பா நிக்கோலா இறந்தது 1851. தாத்தா இன்னொரு டொமெனிக்கோ, இறந்தது 1829, வயது எழுபது. கொம்பு முட்டிய எழுபது இதுதான். அவர் காலஞ்சென்ற ஜுசெப்பேயின் மகன். நான் முதல் சுற்றில் ஐந்து வாரம் வருடம் வருடமாகத் தேடி அலைந்ததெல்லாம் இங்கே பதினோரு தாளில் இருந்தது.

ஒரு குறுக்குச் சோதனையும் செய்தேன். அங்கே மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். நம்மைப் போலத்தான். 1893 ஜுசெப்பேக்கு ஒரு அண்ணன், பெயர் நிக்கோலா. 1864 பெண்ணின் அப்பா பெயர் ஜுசெப்பே. இரண்டும் பொருந்தியது. நான் அடித்துப்போட்ட பதினாறு பக்கத்து டொமெனிக்கோவின் மாமனார் பெயர் ரொக்கோ. அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இதே வழக்கத்தால்தான் ஒரே ஊரில் ஒரே வயதில் ஒரே பெயரில் நாலு பேர் திரிகிறார்கள் என்பதும் உண்மை.

மொத்தச் செலவு: நோட்டு 6, அகராதி 4, நூலகத்தில் பக்கம் 15 சென்ட் வீதம் 42 பக்கம் அச்செடுத்தது 6 டாலர் 30 சென்ட், இத்தாலிக்கு இரண்டு கடிதம் 3 டாலர் 30 சென்ட். ஆக 19 டாலர் 60 சென்ட். அச்செடுத்ததில் பாதி தண்டம், திரையில்தான் நன்றாகத் தெரிகிறது.

அடுத்த முறை ஆரம்பித்தால், முதல் நாள் படிவத்தைத் தவிர எதையும் படிக்க மாட்டேன். இறப்புப் பதிவைப் பார்க்காமல் ஒரு தலைமுறைகூட மேலே ஏற மாட்டேன். 1809-க்கும் 1865-க்கும் இடையில் ஒரு கல்யாணம் கையில் சிக்கினால், நேரே ஆவணக் கட்டுக்குத்தான் போவேன். பட எண்ணைக் குறிக்காமல் எந்தப் பக்கத்தையும் மூட மாட்டேன். முதல் வாரம் பார்த்த ஒரு பக்கத்தை மறுபடி கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

ஒன்று மட்டும் மிச்சம் நிற்கிறது. நிக்கோலாவின் வாக்குறுதி 1836-ல் இருக்கிறது. இடது பத்தி முழுசாக, சாட்சிகளோடு, தெளிவான கையெழுத்தில் இருக்கிறது. யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது என்ற குறிப்பும் இருக்கிறது. வலது பத்தி காலி. சாமியார் நகலைத் திருப்பி அனுப்பவில்லையா, குமாஸ்தா நிரப்ப மறந்தாரா, கோயிலில் கல்யாணமே வேறு நாளில், வேறு ஊரில் நடந்ததா? 1839-ல் மகனின் பிறப்புப் பதிவில் அவளைச் 'சட்டப்படியான மனைவி' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர்க் கோயிலுக்கு மார்ச் முதல் வாரம் ஒரு கடிதம் போட்டேன். இத்தாலி மொழியில் எழுதியது மருமகள். அவளும் அகராதியை வைத்துத்தான். ஏப்ரலில் நான் ஊருக்குக் கிளம்பும்வரை பதில் வரவில்லை. நோட்டைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன், 1836-ன் வலது கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.